சீமெந்துத் தரையில் நிற்குமா? சைக்கிள் பயணத்துக்கு டென்ட் வாங்குவதற்கு முதல் பார்க்க வேண்டியவை

புறக்கோட்டையில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறேன். விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தே இது என்ன நூல், எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்வது என் தொழில். லீவு கிடைத்தால் சைக்கிள் கெரியரில் பையைக் கட்டிக்கொண்டு புத்தளம் பக்கமோ வன்னிப் பக்கமோ போய்விடுவேன். நான் இந்த இரண்டும் செய்வது தெரிந்தவர்கள் டென்ட் வாங்குவதற்கு முதல் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அண்மையில் அக்காவின் மகன் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு வந்து கைபேசியில் ஒரு டென்ட் படத்தைக் காட்டினான்.

"மாமா, ஒரு கிலோ கூட வராது. எடுக்கட்டோ?"

"இதை எங்க அடிக்கப் போறாய்?"

"எங்கயும் அடிக்கலாம்தானே."

"கோயில் மண்டபத்தில?"

அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். நடைக்கம்பு இரண்டை ஊன்றி, சுற்றிவர முளை அறைந்து, கயிற்றால் இழுத்துக் கட்டினால் மட்டுமே நிற்கும் டென்ட் அது. மண் இல்லாத இடத்தில் அது வெறும் துணி. மருமகனிடம் நடைக்கம்பும் இல்லை.

இந்தக் கேள்விதான் முதல் கேள்வி. எடை, விலை, நிறம் எல்லாம் அதற்குப் பிறகு.

எங்கே தூங்கப் போகிறீர்கள்?

இணையத்தில் கிடைக்கும் டென்ட் பரிந்துரைகளில் அதிகமானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மலையேறுகிறவர்கள் எழுதியவை. அவர்களுக்குக் காலடியில் புல்லும் மண்ணும் இருக்கும், குளிர்தான் எதிரி. நம்முடைய இரவுகள் வேறு மாதிரி.

கொழும்பிலிருந்து ஏ3 வீதியில் நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் போய், அங்கே ஏ12ஐப் பிடித்து அநுராதபுரம், பிறகு ரம்பாவவில் ஏ9க்கு ஏறி மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று யாழ்ப்பாணம் சேரும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். பொழுது படும் நேரத்தில் இடம் கேட்டால் கிடைப்பது எது? சிலாபத்துக்கு இந்தப் பக்கம் தேவாலய விறாந்தை. அதற்கு அங்கால் பாடசாலை மண்டபம், விகாரையின் தர்மசாலை, கோயில் மடம், சில வேளை சாப்பாட்டுக் கடைக்காரரின் பின்வளவு. ஏறக்குறைய எல்லாமே சீமெந்துத் தரை. மண் கிடைத்தாலும் அது கிரவல் போட்டு இறுகிய மண்ணாக இருக்கும். மெல்லிய அலுமினிய முளை அதில் வளையுமே தவிர இறங்காது.

"ஏன், காட்டோரத்தில் அடிக்கலாமே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தளம் – அநுராதபுரம் வீதிக்கு வடக்கே வில்பத்து இருக்கிறது. குளக்கட்டில் டென்ட் அடித்தால் காட்சி அழகுதான். அதே குளத்துக்கு இரவில் யானையும் தண்ணீர் குடிக்க வரும். டென்டுக்குள் வாழைப்பழமோ சோறோ இருந்தால் மணம் பிடித்து வரும். தேசிய பூங்காக்களுக்குள் தங்குவதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் தங்கலாம். வடக்கில், முக்கியமாக முகமாலைப் பக்கம், கண்ணிவெடி இருந்த நிலங்கள் உண்டு. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் சிறுநீர் கழிக்கக்கூட வீதியை விட்டு இறங்க வேண்டாம். ஆகவே மனிதர் இருக்கும் இடத்தில், கேட்டுத் தங்குவதுதான் இந்த நாட்டில் சரியான வழி. ஐயரிடமோ, ஃபாதரிடமோ, அதிபரிடமோ வெளிச்சம் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரைக்காரர் காலங்காலமாகக் கோயில் கோயிலாகத் தங்கிப் போகிறார்கள். அதனால் கிழக்குக் கரைக் கோயில்களில் இரவு தங்க இடம் கேட்பது யாருக்கும் புதினமாகத் தெரியாது.

இதிலிருந்து என் தீர்ப்பு வருகிறது. உள்கூடு, அதாவது நாம் படுக்கும் உள் அறை, ஒரு முளைகூட இல்லாமல் தானாக நிற்க வேண்டும். அது முழுக்க வலையாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருக்கிற டென்டுகளுக்குள் எடை குறைந்ததைத் தேடுங்கள்.

தானாக நிற்பதிலும் வகை உண்டு

விற்பவர்கள் எல்லாவற்றையும் "தானாக நிற்கும்" என்றே சொல்வார்கள். கம்புகள் தரையில் எத்தனை இடத்தில் முட்டுகின்றன என்று படத்தில் எண்ணிப் பாருங்கள். நான்கு மூலையிலும் முட்டினால் அது உண்மையாகவே தானாக நிற்கும். எம்எஸ்ஆர் ஹப்பா ஹப்பா, பிக் ஆக்னஸ் கொப்பர் ஸ்பர், விலை குறைந்த பக்கத்தில் நேச்சர்ஹைக் மொங்கர் எல்லாம் இந்த வகை. தூக்கி நகர்த்தலாம், தலைகீழாகப் பிடித்து மணலை உதறலாம், ஒழுகும் கூரைக்குக் கீழிருந்து ஒரு முழம் தள்ளியும் வைக்கலாம்.

மூன்று இடத்தில் முட்டினால் அரைகுறை. தலைமாட்டில் இரண்டு கால், கால்மாட்டில் ஒற்றைக் கால். பிக் ஆக்னஸ் ஃபிளை கிரீக் இப்படி. எடை குறையும், ஆனால் கால்மாட்டு மூலைகள் இரண்டையும் இழுத்துக் கட்டாவிட்டால் துணி உங்கள் பாதத்தில் விழுந்து கிடக்கும். சீமெந்தில் அந்த இரண்டு மூலைக்கும் தண்ணீர்ப் போத்தலையோ செங்கல்லையோ கட்டிச் சமாளிக்கலாம். காசு கட்டுப்படியாகாவிட்டால் இது பரவாயில்லை.

மூன்றாவது வகை முளை இல்லாமல் நிற்கவே நிற்காது. எக்ஸ்-மிட், டூப்ளெக்ஸ் போன்றவை நடைக்கம்பில் நிற்பவை. நடந்து போகிறவர் கையில் கம்பு எப்படியும் இருப்பதால் டென்டின் எடையில் அது கணக்கில் வராது. சைக்கிள்காரர் அந்தக் கம்பைத் தனியாக வாங்கித் தனியாகச் சுமக்க வேண்டும். சுவீடன்காரரின் ஹில்லிபர்க் அக்டோ ஒற்றை வளைகம்பில் நிற்கும் உறுதியான டென்ட். அது பனிக் காற்றுக்குச் செய்தது. புத்தளத்து இரவில் அதற்குள் படுத்தால் வெந்துபோவீர்கள்.

வலை

ஏப்ரல் மாதத்தில் கொழும்பில் நடு இரவிலும் வெப்பம் 25 பாகைக்குக் கிட்டவே நிற்கும். போதாததற்கு ஈரப்பதமும். உள்கூட்டின் பாதி மறைப்புத் துணியாக இருந்தால் காற்று நின்றுவிடும். அதனால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் துணி, அதற்கு மேல் முழுக்க வலை என்று இருப்பதைத் தேடுங்கள். மழை இல்லாத இரவில், கூரை உள்ள இடத்தில், மழைக்காக உள்கூட்டுக்கு மேலே போடும் மேல்விரிப்பைப் பையிலேயே விட்டுவிட்டு உள்கூட்டை மட்டும் நிறுத்தினால் அது ஒரு நல்ல நுளம்பு வலை. எனக்கு டென்டின் முக்கால்வாசி உபயோகம் இதுதான்.

டெங்கு நுளம்பு பகலில், அதுவும் காலையிலும் பின்னேரத்திலும் கடிப்பது. ஆகவே இருட்டும் வரை காத்திருக்காமல், வந்து இறங்கியதும் உள்கூட்டை நிறுத்திவிடுவது நல்லது. வலையின் கண் மிகச் சிறியதாக இருக்க வேண்டும்; களப்போரங்களில் நுளம்பை விடப் பொடியான பூச்சிகள் கடிக்கும்.

முழு வலை என்றால் ஆட்கள் பார்ப்பார்களே என்று சிலர் தயங்குவார்கள். பெண்கள் இதைக் கேட்பது நியாயம். ஒரு சாரத்தையோ மெல்லிய துப்பட்டாவையோ ஆட்கள் நடமாடும் பக்கத்து வலையில் மட்டும் போட்டு இரண்டு கிளிப் குத்தினால் மறைவும் உண்டு, மற்றப் பக்கத்தால் காற்றும் வரும்.

துணியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி

இது என் வேலை என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

விவரப் பட்டியலில் 15டி, 20டி என்று எழுதியிருப்பது டெனியர். 9,000 மீற்றர் நீள நூல் எத்தனை கிராம் நிற்கும் என்பதுதான் அந்த எண். 20 டெனியர் நூல் என்றால் அவ்வளவு நீளத்துக்கும் 20 கிராம்தான். மேல்விரிப்புக்கு 15 முதல் 20 வரை போதும். தரைக்கு 20க்குக் குறையாமல் பாருங்கள், 30 இருந்தால் இன்னும் நல்லது. நம் சீமெந்துத் தரைகள் அரத்தைப் போலச் சொரசொரப்பானவை. 10 டெனியர் தரைத்துணி அதில் சீக்கிரமே பொட்டுப் பொட்டாகத் தேயும். துணியில் சின்னச் சின்னக் கட்டம் தெரியும், அது இடையிடையே தடித்த நூல் விட்டு நெய்தது. கிழிசல் விழுந்தால் அந்தத் தடித்த நூலில் வந்து நிற்கும். கட்டம் இல்லாத மெல்லிய துணி வேண்டாம்.

அடுத்தது நைலோனா, பொலியெஸ்டரா. ஒரே எடைக்கு நைலோன்தான் பலம் கூடியது, கிழிய மாட்டேன் என்று நிற்கும். அதனால் விலை கூடிய டென்டுகளில் நைலோன் அதிகம். ஆனால் நைலோன் தண்ணீர் குடிக்கும். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் ஏறக்குறைய 4 சதவீதம் ஈரம் பிடித்து வைத்திருக்கும். பொலியெஸ்டர் அதில் பத்தில் ஒரு பங்குதான், 0.4 சதவீதம். ஈரம் ஏறினால் நைலோன் நூல் ஊதி நீளும். கடையில் இதைப் பலருக்குச் செய்து காட்டியிருக்கிறேன். ஒரே நீளத்தில் இரண்டு நாடா வெட்டி, ஒன்று நைலோன், மற்றது பொலியெஸ்டர், இரண்டையும் வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, அடியில் சின்னப் பாரம் கட்டி ஆணியில் தொங்கவிடுவேன். கொஞ்ச நேரத்தில் நைலோன் நாடாவின் நுனி கீழே இறங்கி நிற்பது கண்ணுக்கே தெரியும். பொலியெஸ்டர் இருந்த இடத்தில் இருக்கும்.

டென்டில் இது எப்படித் தெரியும் என்றால், பின்னேரம் இறுக்கிக் கட்டிய நைலோன் மேல்விரிப்பு, இரவு மழையில் தொய்ந்து வயிறு தள்ளி, உள்கூட்டில் முட்டும். முட்டிய இடத்தால் ஈரம் உள்ளே வரும். நடுச்சாமத்தில் எழும்பிக் கயிற்றை இழுக்க வேண்டும். பொலியெஸ்டருக்கு அந்த வேலை இல்லை. வெயிலையும் அது நைலோனை விட நன்றாகத் தாங்கும். ஆண்டு முழுக்க ஈரமும் வெயிலும் இருக்கும் நாட்டில் நான் பொலியெஸ்டர் மேல்விரிப்பைத்தான் சொல்வேன். நூறு கிராம் கூடினாலும் பரவாயில்லை.

டைனீமா என்று கண்ணாடித்தாள் மாதிரி ஒரு துணி இருக்கிறது. நீளாது, ஈரம் குடிக்காது, எடையும் மிகக் குறைவு. விலை கண்ணைக் கட்டும். அதில் தைத்த டென்டுகளில் அதிகமானவை முளையில் நிற்பவை என்பதால் நம் தேவைக்கு ஒத்துவராது.

பூச்சுதான் எனக்கு மிக முக்கியம். நூல் தண்ணீரைத் தடுக்காது. அதன் மேல் பூசிய சிலிக்கோனோ பொலியூரித்தேனோதான் தடுக்கும். பொலியூரித்தேன் பூச்சு விலை குறைவு, தையலுக்கு மேல் நாடா ஒட்டலாம். குறை என்னவென்றால், ஈரமும் சூடும் சேர்ந்தால் காலப்போக்கில் அந்தப் பூச்சு இரசாயன ரீதியாகவே உடையும். குளிர்நாட்டில் பல ஆண்டு நிற்கும் டென்ட் இங்கே அலுமாரிக்குள்ளேயே கெடுவது இதனால்தான். கெட்ட பூச்சை அறிவது சுலபம். விரித்துத் தடவினால் பிசுபிசுக்கும், மடிப்பை இழுத்தால் சரசரவென்று ஒட்டிப் பிரியும், வாந்தி மாதிரிப் புளித்த மணம் அடிக்கும். பாவித்த டென்ட் வாங்குவதானால் பையைத் திறந்ததும் மூக்கை உள்ளே விடுங்கள். மணம் வந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அதைத் திருத்த வழி இல்லை. விவரத்தில் "பொலி ஈதர்" வகைப் பொலியூரித்தேன் என்று போட்டிருந்தால் அது ஈரத்தை நன்றாகத் தாங்கும் வகை.

இரண்டு பக்கமும் சிலிக்கோன் பூசிய துணி இப்படிக் கெடாது. ஆனால் அதில் நாடா ஒட்டாது. தையல் ஓட்டைகளை நாமே சிலிக்கோன் பூசி அடைக்க வேண்டும். ஹார்ட்வெயார் கடையில் விற்கும் நிறமில்லாத சிலிக்கோனைக் கொஞ்சம் டர்பன்டைன் விட்டுக் குழைத்து, பழைய பல்துலக்கியால் தையல் நெடுக மெல்லியதாகப் பூசி ஒரு நாள் காயவிட்டால் போதும். பொலியூரித்தேன் துணியில் இந்த வேலை பலிக்காது, சிலிக்கோன் உரிந்து வந்துவிடும். அதற்கு அதற்குரிய பசையே வேண்டும்.

1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்று போட்டிருப்பது அந்தத் துணி எத்தனை மில்லிமீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தை ஒழுகாமல் தாங்கும் என்ற கணக்கு. மேல்விரிப்புக்கு 1,500 போதும். தரைக்கு 3,000 பார்ப்பேன், ஏனென்றால் ஈரத் தரையில் முழங்காலை ஊன்றும்போது விழும் அழுத்தம் மழைத்துளியின் அழுத்தத்தை விட எவ்வளவோ பெரியது. 10,000 என்று விளம்பரம் செய்கிற கனமான துணிக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

எடைக் கணக்கு

பெட்டியில் இரண்டு எடை போட்டிருக்கும். ஒன்று கம்பும் உள்கூடும் மேல்விரிப்பும் மட்டும். மற்றது முளை, கயிறு, பைகள் எல்லாம் சேர்ந்தது. பெரிய எண்ணைத்தான் பாருங்கள், அதைத்தான் சுமக்கப் போகிறீர்கள். தனி ஆளுக்கு எல்லாம் சேர்த்து 2 கிலோ, இரண்டு பேருக்கு 2.5 கிலோ என்று ஒரு மேல் எல்லை வைத்துக்கொள்ளலாம்.

அதற்குக் கீழே கிராம் கிராமாகக் குறைக்க ஆயிரக்கணக்கில் கொட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. அநுராதபுரத்துக்கு மேலே வெயில் காலத்தில் மூன்று லீற்றர் கட்டாமல் நான் புறப்படுவதில்லை. மெல்லிய டென்டுக்கும் மற்றதுக்கும் உள்ள 300 கிராம் வித்தியாசம் ஒரு லீற்றர்ப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. கூடுதல் காசை டயரிலோ இருக்கையிலோ போட்டால் உடம்புக்குத் தெரியும்.

கம்பின் மடித்த நீளம் எல்லாருக்கும் முக்கியமில்லை. கெரியரும் பக்கப் பைகளும் பூட்டிய லுமாலா மாதிரி சைக்கிள் என்றால் 45, 50 சென்ரிமீற்றர் கம்பைப் பைகளுக்கு மேலே குறுக்காகக் கட்டிவிடலாம். கெரியர் இல்லாமல், ஹாண்டிலில் பை தொங்கவிடுபவர்கள்தான் அளக்க வேண்டும். வளைந்த ஹாண்டில் 40 முதல் 44 சென்ரிமீற்றர் அகலம். பிரேக் பிடிகளுக்கு இடையில் கிடைப்பது அதிலும் குறைவு. அவர்களுக்காக 30 சென்ரிமீற்றராக மடியும் குட்டைக் கம்போடு பைக்பாக்கிங் என்று பெயர் போட்டு சில நிறுவனங்கள் விற்கின்றன. கம்பு அலுமினியமாக இருக்கட்டும். நார்க்கண்ணாடிக் கம்பு கனம், உடையும்போது சிம்பு சிம்பாகப் பிளந்து துணியையும் கையையும் கிழிக்கும்.

அளவு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தனியாகப் போனாலும் இரண்டு பேர் டென்ட் எடுங்கள். பைகளை வெளியில் விட்டால் நாயும் குரங்கும் சும்மா விடாது. உள்ளே வைத்தால் ஒருவர் டென்டில் புரளவும் இடமிருக்காது. சூட்டில் வலை முகத்துக்குக் கிட்ட இருந்தால் நித்திரை வராது, வலையில் முட்டும் கையில் நுளம்பு வெளியிலிருந்தே குத்தும். நீளம் 210 சென்ரிமீற்றருக்குக் குறைய வேண்டாம். கதவு இரண்டு பக்கமும் இருந்தால் காற்று ஊடறுத்து ஓடும்.

நிறம் பச்சையோ சாம்பலோ எதுவானாலும் சரி. இராணுவச் சீருடை மாதிரி புள்ளி போட்டது மட்டும் வேண்டவே வேண்டாம். வடக்கில் மட்டுமில்லை, எங்கேயும் வீண் கேள்விகள் வரும்.

மழை, காற்று, மலை

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம், அப்போது கொழும்பும் காலியும் நனையும், கிழக்கு காய்ந்து கிடக்கும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை வடகிழக்குப் பருவம், எதிர்ப்பக்கம். இதைப் பார்த்துப் பாதை போட்டால் டென்டின் மேல் பாதிப் பாரம் குறையும். மிச்சம் மார்ச், ஏப்ரல், ஒக்ரோபர், நவம்பர் மாதங்களின் பின்னேர இடிமழை. பத்து நிமிடத்தில் ஊற்றித் தள்ளும். உள்கூட்டை முதலில் நிறுத்தி அதற்கு மேல் விரிப்பைப் போடும் டென்ட் என்றால் அந்த இடைவெளியில் உள்ளே குளமாகிவிடும். மேல்விரிப்பையும் கம்பையும் மட்டும் முதலில் நிறுத்தி, பிறகு அதற்கு அடியில் உள்கூட்டை மாட்ட முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். சில டென்டுகளில் தனியாக விற்கும் அடிவிரிப்பு இருந்தால் இது முடியும்.

கற்பிட்டியிலும் மன்னாரிலும் மழையை விடக் காற்றுதான் பெரிய பாடு. மன்னாரில் 2020இல் தம்பபவனி காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. அங்கே தானாக நிற்கும் டென்டும் தானாகப் பறக்கும். உள்ளே பையை வைத்த பிறகுதான் கையை விட வேண்டும். தாழ்ந்த பக்கம் காற்றைப் பார்க்க, கயிறுகள் எல்லாவற்றையும் கட்டுங்கள். கடல் மணலில் எந்த முளையும் பிடிக்காது. சின்னப் பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தால் பிடிக்கும். இறுகிய கிரவலுக்கு பழைய சோனகத் தெருவில் ஆறு அங்குல இரும்பு ஆணி வாங்கிக்கொள்ளலாம். கனம்தான், ஆனால் நான்கு போதும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். ஹோர்ட்டன் சமவெளி 2,000க்கும் மேலே, ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும். முழு வலை டென்ட் அங்கே குளிரும் என்பது உண்மை. அதற்காக ஆண்டு முழுக்கச் சூடான டென்டைச் சுமக்க வேண்டாம். அந்தப் பயணத்துக்கு மட்டும் தடித்த உறங்குபையும் கம்பளித் தொப்பியும் எடுத்துப் போங்கள். மேலே மூச்சுக்காற்று மேல்விரிப்பின் உட்புறத்தில் பனித்து நீராக இறங்கும். உள்கூடும் மேல்விரிப்பும் தனித்தனியாக உள்ள இரட்டைத் துணி டென்டில் அது உங்கள் மேல் விழாமல் வலைக்கு வெளியால் வடியும். ஒற்றைத் துணி டென்டை நான் பரிந்துரைக்காததற்கு இது ஒரு காரணம்.

காசு இல்லாவிட்டால்

டொலரோடு சேர்ந்து டென்ட் விலையும் ஏறி இறங்குகிறது. இப்போது முடியாது என்றால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. நான்கு மூலையிலும் கயிறு கட்டும் பெட்டி வடிவ நுளம்பு வலை ஒன்று, மெல்லிய தறப்பாள் ஒன்று, பத்து மீற்றர் நைலோன் கயிறு. விறாந்தையில் வலையை ஜன்னல் கம்பியிலும் தூணிலும் சைக்கிள் ஹாண்டிலிலும் கட்டலாம். வெளியில் இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு இழுத்துத் தறப்பாளைப் போட்டு அதற்குக் கீழே வலை. வலையின் அடி ஓரத்தைப் பாய்க்கு அடியில் சொருகி விடுங்கள். வலை போட்ட தொங்கு படுக்கையும் நல்லதுதான், மரம் கிடைத்தால். தென்னையில் மட்டும் கட்டாதீர்கள். தேங்காய் ஆள் பார்த்து விழாது.

இதில் இல்லாதது ஒன்றுதான், தைத்த தரை. இலைச் சருகு உள்ள இடத்தில் முசுறும் கறையானும் வரும். கறையான் ஒரே இரவில் துணியைத் தின்னத் தொடங்கிவிடும். டென்டுக்கும் இது பொருந்தும் என்பதால் அடியில் தடித்த பொலித்தீன் ஒன்று விரியுங்கள். அதை டென்டின் தரையை விட நான்கு பக்கமும் இரண்டு விரல் குறைவாக வெட்ட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்விரிப்பிலிருந்து வடியும் மழையை வாங்கி உங்களுக்குக் கீழேயே சேர்க்கும்.

வாங்கி வந்த கையோடு

திருப்பிக் கொடுக்கக் கூடிய நாட்களுக்குள் ஒரு தடவை மொட்டைமாடியில் நிறுத்திப் பாருங்கள். முளை இல்லாமல் நிற்கிறதா? மேல்விரிப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூச்சில் புள்ளி ஓட்டைகள் தெரிகிறதா என்று பாருங்கள். சிப்பை வளைவுகளில் பத்துத் தரம் இழுத்துத் திறந்து மூடுங்கள், துணியைக் கடிக்கிறதென்றால் இனிமேலும் கடிக்கும். பிறகு தோட்டக் குழாயால் இருபது நிமிடம் மேலிருந்து தண்ணீர் அடித்து, தையல் ஓரங்களை உள்ளிருந்து கையால் தடவுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தப் பழகும் வரை வீட்டிலேயே பழகுங்கள். விறாந்தையில் மின்சாரம் இல்லாத இரவில் அது உதவும்.

பயணத்தில் காலையில் நனைந்த மேல்விரிப்பை உள்கூட்டோடு சேர்த்துச் சுருட்ட வேண்டாம். ஒரு தனி பொலித்தீன் பையில் கெரியரின் மேலே கட்டி, மதியம் இளநீர் குடிக்க நிறுத்தும் இடத்தில் பத்து நிமிடம் விரித்து விடுங்கள். கடற்கரையில் தூங்கினால் அடுத்து கிடைக்கும் கிணற்றில் சிப்பையும் கம்பு மூட்டுகளையும் நல்ல தண்ணீரால் அலசுங்கள், உப்பு இரண்டையும் அரித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போடாமல் கழுவி, மழைக் காலமென்றால் மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, பெரிய பருத்திப் பை ஒன்றில் தளர்வாகப் போட்டு வைக்க வேண்டும். காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருக்கும் எங்கள் வீடுகளில் அலுமாரிக் கதவை இடைக்கிடை திறந்து காற்றாட விடுவதும் அவசியம்.

திருத்தும் பையில் நான் வைப்பது இவ்வளவுதான்: உடைந்த கம்புக்கு மேல் மாட்டும் அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்று, அதைச் சுற்ற நாடா, ஊசியும் தடித்த பொலியெஸ்டர் நூலும், வலைக்கு ஒட்டும் துண்டு இரண்டு, டென்டின் துணிக்கு ஏற்ற பசை, சிப்புக்கு ஒரு மெழுகுதிரித் துண்டு, மேலதிகக் கயிறு இரண்டு மீற்றர். சிப் பல் விட்டுப் போகத் தொடங்கினால் இழுப்பானின் இரண்டு ஓரத்தையும் குறடால் மெதுவாக நசுக்குங்கள். சைக்கிளுக்கு வைத்திருக்கும் குறடே போதும்.